சீனப் பெருஞ்சுவர்: செப்பனிட்ட பகுதிக்கா, இடிந்த பகுதிக்கா?

கேள்வி இதுதான். அக்டோபரில் குடும்பத்தோடு பெய்ஜிங் போகிறீர்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுபதை ஒட்டிய வயது. அம்மாவுக்கு முட்டி வலி. பெருஞ்சுவருக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும் மகனோ, "பாடாலிங்ல இருக்கறது சமீபத்துல கட்டின டூப்ளிகேட், ஜியன்கோவ்தான் ஒரிஜினல், போனா அங்கதான் போகணும்" என்று பிடிவாதமாக நிற்கிறான். எது சரி, எங்கே போவது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் (இங்கே வரும் பெயர்கள் எல்லாம் பெய்ஜிங் பக்கத்துப் பெருஞ்சுவரின் வெவ்வேறு பகுதிகள்). ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து மூத்தியன்யூ போங்கள். இன்னொரு நாள் பெரியவர்களை நகரத்தில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு நீங்களும் மகனும் மட்டும் ஜின்ஷான்லிங் போங்கள். ஜியன்கோவ் சுவரின் மேல் ஏறவே வேண்டாம். அது சட்டப்படி மூடிய பகுதி. பாடாலிங் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உங்கள் குடும்பத்துக்கு மூத்தியன்யூ அதைவிட வசதி, அவ்வளவுதான்.

இனி மகனுடைய வாதத்துக்கு வருவோம். புதுப்பித்தது போலி, இடிந்து கிடப்பது நிஜம் என்று அவன் பிரிக்கிறான். படம் பிடித்துப் போடுகிறவர்கள் எல்லோரும் இப்போது இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்தச் சுவரைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை நிற்காது.

பெருஞ்சுவர் என்பது ஒரே காலத்தில் எழுந்த ஒரே சுவர் அல்ல. சீன அரசு 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி எல்லா அரச மரபுகளும் கட்டிய சுவர்களின் மொத்த நீளம் 21,196 கி.மீ. அதில் மிங் அரச மரபின் காலத்து (14 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை) அரண் 8,851 கி.மீ. அந்த 8,851-இலும் மனிதர் கட்டிய சுவர் 6,259 கி.மீ.தான். 2,232 கி.மீ. தூரத்துக்கு மலையும் ஆறுமே அரண், மிச்சம் அகழி. பெய்ஜிங்கைச் சுற்றி நாம் பார்க்கிற செங்கல் சுவர் அநேகமாக முழுவதும் மிங் காலத்தது, அதிலும் பெரும்பகுதி 16-ஆம் நூற்றாண்டு. மேற்கே போகப் போகச் செங்கல் மறைந்து மண்ணை இடித்து இறுக்கிய சுவர்தான் வரும். ஷான்சி மாகாணத்தின் யோயூ மாவட்டத்தில் 2023-இல் இருவர் சுற்றுவழியை மிச்சப்படுத்த எக்ஸ்கவேட்டர் வைத்துச் சுவரில் வழி வெட்டினார்களே, அது அப்படிப்பட்ட மண்சுவர்தான்.

இந்தச் சுவர் பிறந்த நாளிலிருந்தே பழுது பார்க்கப்பட்டு வந்தது. மூத்தியன்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் நூற்றாண்டில் வட ச்சீ அரசு அங்கே ஒரு சுவர் எழுப்பியது. மிங் ஆட்சியின் தொடக்கத்தில், 1368-ஐ ஒட்டி, தளபதி ஷூ தா அந்த எச்சத்தின் மேல் புதிதாகக் கட்டினார். 1569-இல் மறுபடி பெரிய அளவில் திருத்திக் கட்டினார்கள். 1980-களில் நடந்த செப்பனிடல் நான்காவது கை. இதில் எந்தக் கையை 'ஒரிஜினல்' என்பது? மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

மறுபக்கமும் அப்படியே. ஜியன்கோவில் மரம் முளைத்து, செங்கல் சரிந்து கிடக்கிற கோலம் எந்த மிங் சிப்பாயும் பார்த்த சுவர் அல்ல. நானூறு வருட மழையும் பனியும் வேரும் செய்தது பாதி. மீதி மனிதர் செய்தது. பல கிராமங்களில் சுவரை உடைத்துச் செங்கல் எடுத்துப்போய் வீடும் ஆட்டுப்பட்டியும் பன்றித்தொழுவமும் கட்டினார்கள். கலாசாரப் புரட்சிக் காலத்தில் அதைத் தடுக்க ஆளில்லை. பழையதை இடிப்பதே கொள்கையாக இருந்த நேரம். ஆகவே இடிந்த பகுதியில் நீங்கள் பார்ப்பது 16-ஆம் நூற்றாண்டு மட்டும் அல்ல, அதற்குப் பிறகு நடந்தது எல்லாமும்தான்.

பாடாலிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1952-இல் சீன அரசின் துணைத் தலைமையமைச்சராக இருந்த குவோ மோரோ சுவரைச் செப்பனிட்டு மக்களுக்குத் திறக்கலாம் என்று யோசனை சொன்னார். லுவோ ஜவென் என்ற இளம் ஆய்வாளர் மலை ஏறி அளவெடுத்து வந்தார். கட்டடக்கலை அறிஞர் லியாங் சூச்செங் அவருக்குச் சொன்ன அறிவுரையின் சாரம்: பழுது பார்த்த பிறகும் அது பழையதாகவே தெரிய வேண்டும், பளபளவென்று ஆக்கிவிடாதே. 1950-களின் இறுதியில் திறந்தார்கள். அமெரிக்க அதிபர் நிக்சன் 1972 பிப்ரவரி 24 அன்று நின்றது அங்கேதான். 1984-இல் அப்போதைய சீனத் தலைவர் தங் ஷியாவ்பிங் சுவரைச் செப்பனிடும் இயக்கத்துக்கு ஆதரவாக ஒரு வாசகம் எழுதிக் கொடுத்த பிறகு நன்கொடை குவிந்து, மற்றப் பகுதிகளுக்கும் வேலை பரவியது. 1987-இல் பெருஞ்சுவர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் காலடிக்குக் கீழே. சுவரின் அடி வரிசைகளில் நீளமான பெரிய கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அவை மிங் காலத்தவை. மேலே ஏற ஏறச் செங்கல் வருகிறது. கைப்பிடிச் சுவரும் அதன் மேல் இடைவெளி விட்டு நிற்கும் பற்களும் நடைதளமும்தான் புதுக் கை அதிகம் பட்டவை. அடித்தளமும் உள்ளீடும் பழையது, தோலின் மேற்பகுதி புதியது. இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் என்பது வேறு விஷயம்: 2019-இல் நாள் ஒன்றுக்கு 65,000 பேர் என்று உச்சவரம்பு வைக்க வேண்டிய நிலை வந்தது. வரம்பே அவ்வளவு என்றால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் அதிவேக ரயிலும் வந்துவிட்டது. நிலையம் நிலத்துக்குள் நூறு மீட்டருக்கும் ஆழத்தில். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு, அரை நாள் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு இன்றும் பாடாலிங்தான் சரி. எல்லோரும் வடக்குப் பக்கம் எட்டாவது கோபுரத்தை நோக்கித்தான் போவார்கள். தெற்குப் பக்கம் திரும்பினால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

பாடாலிங் போகிறவர்கள் வழியில் ஜூயோங்குவான் கணவாயில் ஒரு மணி நேரம் இறங்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. அங்குள்ள கோட்டையின் பெரும்பகுதி 1990-களில் மீண்டும் கட்டியது. ஆனால் நடுவில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு வளைவு வாயில் மேடை இருக்கிறது. யுவான் மரபினர், அதாவது குப்லாய் கானின் வழியினர், 1342 முதல் 1345 வரை கட்டியது. பெருஞ்சுவரின் மிங் செங்கல்களைவிட அது பழையது. உட்சுவரில் பௌத்த மந்திரங்களை ஆறு எழுத்துமுறைகளில் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று சமஸ்கிருதம். மற்றவை திபெத்தியம், பக்ஸ்பா, உய்குர், தங்குத், சீனம். தமிழ் இல்லை. (அதே யுவான் காலத்தில், 1281-இல், தெற்கே சுவான்ச்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்காகக் கல்வெட்டு வைத்தார்கள், அது வேறு கதை, வேறு பயணம்.) சுற்றிலும் புத்தம்புதுக் கோட்டை, நடுவில் யாரும் திரும்பிப் பார்க்காத நிஜம். பஸ்ஸில் வருகிற கூட்டம் அந்த வாயிலைக் கடந்து நேராகப் படி ஏறப் போய்விடும்.

சரி, செப்பனிடுவதில் தவறே நடப்பதில்லையா என்றால், நடக்கிறது. லியாவ்னிங் மாகாணத்தின் சுய்ச்சோங் மாவட்டத்தில் ஷியாவ்ஹகோவ் என்று ஒரு பகுதி. 1381-இல் கட்டியது, செப்பனிடாமல் விட்ட 'காட்டுச் சுவர்'களிலேயே அழகானது என்று பெயர் வாங்கியது. 2016 செப்டம்பரில் அதன் படங்கள் வெளியாகி நாடே கொதித்தது. இடிந்த நடைதளத்தின் மேல் சாலை போட்டதுபோல் ஒரே சமமாக வெள்ளைச் சாந்தைக் கொட்டி மெழுகியிருந்தார்கள். பற்கள் இல்லை, படி இல்லை, ஒரு நடைபாதைதான் மிஞ்சியது. அதிகாரிகள் சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் மண்ணும் மணலும்தான் என்றார்கள். இருக்கலாம். பொருள் எதுவாக இருந்தாலும் பார்க்க என்ன மிஞ்சியது என்பதுதான் கேள்வி. மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்க ஒரு மூடி வேண்டும் என்ற அவர்கள் தரப்புக் காரணம் உண்மையானதுதான். செங்கல் தோலுக்கு உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பியிருப்பதால் மேலிருந்து தண்ணீர் புகுந்தால் பனிக்காலத்தில் உறைந்து ஊதி, தோலை வெளியே தள்ளிவிடும். பெருஞ்சுவர் இடிவது பெரும்பாலும் இப்படித்தான். நோய் என்னவென்று சரியாகக் கண்டுகொண்டும் மருந்தில் கோட்டை விட்டார்கள்.

அந்தக் கூச்சலுக்குப் பிறகு வேலை முறை மாறியது. அதை நன்றாகப் பார்க்க முடிவது, வேடிக்கை பாருங்கள், உங்கள் மகன் 'கை படாத ஒரிஜினல்' என்று நினைக்கிற அதே ஜியன்கோவில். 2016 வாக்கில் தொடங்கி அங்கே கட்டம் கட்டமாகச் செப்பனிடும் வேலை நடந்துவருகிறது. வெள்ளை டோலமைட் பாறை முகட்டின் மேல் போகிற சுவர் அது. பொருளேற்றிய வண்டி போக வழியில்லை. கோவேறு கழுதைகள் முதுகில் செங்கல் சுமந்து ஏறின. கழுதையும் போக முடியாத இடத்தில் மனிதர்கள் சுமந்தார்கள். விழுந்து கிடக்கும் பழைய செங்கல்லைத் தேடி எடுத்துத் திரும்ப வைப்பதுதான் முதல் வேலை. போதாதபோது மட்டும் அதே அளவில் புதிதாகச் சுட்டது. சாந்து சுண்ணாம்புச் சாந்து. இடிந்த கோபுரத்தை முழுசாக எழுப்பிக் காட்ட முயலவில்லை. இனிமேல் இடியாமல் நிறுத்துவதுதான் குறி. சுவரைப் பிளக்காத மரங்களை விட்டுவைத்தார்கள். 2019-இல் வந்த தேசிய அளவிலான பாதுகாப்புத் திட்டமும் இதையே சொல்கிறது: சுவரின் பெரும்பகுதி இடிபாடாகவே இருக்கட்டும், கூடுமானவரை குறைவாகக் கை வையுங்கள்.

நல்ல செப்பனிடல் கண்ணுக்குத் தெரியாது. ஜியன்கோவின் படங்களைப் பார்த்து ஆஹா என்கிறவர்களில் பலர் சமீபத்தில் பழுது பார்த்த பகுதியைத்தான் பார்க்கிறார்கள்.

அங்கே ஏறலாமா என்பதற்கு நேரடிப் பதில்: கூடாது. 2006 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாதுகாப்பு விதிகள் பார்வைக்குத் திறக்காத பகுதிகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போவதைத் தடை செய்கின்றன. பெய்ஜிங் நகரம் அதற்கு முன்பே, 2003-இலேயே, தடை போட்டது. அடிவாரக் கிராமத்தில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. அபராதமும் உண்டு. இருந்தும் கூட்டிப்போகிறேன் என்று ஆட்கள் கிடைப்பார்கள். காசு வாங்குவார்கள், கால் பிசகினால் அவர்கள் பொறுப்பில்லை. 'பருந்தும் மல்லாந்து பறக்கும்' என்று அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்த செங்குத்து ஏற்றம் ஒன்று அங்கே இருக்கிறது. செங்கல் உதிர்ந்து பாறை மட்டும் மிஞ்சிய இடங்கள் பல. மழை பெய்தால் வழுக்கும். இடி மின்னல் வந்தால் முகட்டில் ஒதுங்க இடமில்லை. அதோடு, உதிரக் காத்திருக்கும் செங்கல் மேல் மிதிக்கிற ஒவ்வொரு காலும் அதை உதிர்க்கிறது. பழைய சுவர் மேல் ஆசை என்று சொல்லிக்கொண்டு அதை மிதித்து உதிர்ப்பது எந்த நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

மகனுக்கு ஜியன்கோவைச் சட்டத்துக்குள் நின்று காட்ட முடியும். அதற்குத்தான் மூத்தியன்யூ. திறந்திருக்கும் பகுதியில் கோபுரங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். பதினான்காவது கோபுரத்துக்கு மூடிய பெட்டி ரோப் கார் போகிறது. அங்கிருந்து இருபதாவது கோபுரத்துக்குக் கடைசி ஏற்றம் செங்குத்தான படிகள்; இளைஞனுக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். மேலே போய் மேற்கே பார்த்தால் செப்பனிட்ட சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் புதர் மூடிய சுவர் மாட்டுக் கொம்புபோல் வளைந்து மலை ஏறி, ஜியன்கோவ் முகட்டை நோக்கிப் போவது தெரியும். அந்த வளைவுக்கு அங்கத்தியர் வைத்த பெயரே மாட்டுக்கொம்புதான். தடுப்பைத் தாண்டாதீர்கள், அந்த இடத்திலிருந்து பார்ப்பதே போதும். ஒரு காலடி இந்தப் பக்கம் சமமான தளம், அந்தப் பக்கம் வேரும் உதிர்ந்த செங்கல்லும். செப்பனிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் செப்பனிட்டால் எது மறைந்துபோகும் என்பதையும் ஒரே பார்வையில் காட்டுகிற இடங்கள் உலகத்திலேயே குறைவு.

மூத்தியன்யூவில் பெரியவர்களுக்கு ஒரு விஷயம். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். எல்லோரும் பதினான்கில் ஏறி ஆறாவது கோபுரம் வரை இறங்கி நடக்கச் சொல்வார்கள். வழி அழகானது, ஆனால் முழுக்கப் படி. அம்மாவுக்கு அது வேண்டாம். பதினான்காவது கோபுரத்தைச் சுற்றியே ஓரளவு சமமாக நடக்க இடம் இருக்கிறது. போக வர இரண்டுக்கும் அதே ரோப் காருக்கு டிக்கெட் எடுங்கள். ஆறாவது கோபுரத்துக்கு வேறொரு நாற்காலி ரோப்வே இருக்கிறது. அங்கிருந்து இறங்கச் சறுக்கு வண்டியும் உண்டு. ஆனால் அது வேறு நிறுவனம், ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. இது தெரியாமல் மேலே போய் மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை காசு கொடுத்து இறங்குகிறவர்கள் அதிகம். சறுக்கு வண்டி மகனுக்கு.

நின்று பார்க்க இரண்டு விஷயம் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் எதிரி வரும் வெளிப்பக்கம் மட்டும்தான் அம்பெய்யும் பற்கள் இருக்கும், உள்பக்கம் வெறும் கைப்பிடிச் சுவர். மூத்தியன்யூவில் இரண்டு பக்கமும் பற்கள். இரு புறமும் சண்டை வரலாம் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, கிழக்குப் பக்கம் மூன்று கோபுரங்களை ஒட்ட வைத்த வாயில் அமைப்பு. அது வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது.

இனி ஜின்ஷான்லிங். எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, சொல்லிவிடுகிறேன்: பெய்ஜிங்கிலிருந்து ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும், கால் நன்றாக இருக்கிறது என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். பெய்ஜிங்குக்கு வடகிழக்கே, ஹபெய் மாகாண எல்லைக்குள், வண்டியில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். சுமார் பத்தரை கி.மீ. சுவர், அறுபதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள். நடுப்பகுதியைச் செப்பனிட்டிருக்கிறார்கள். கிழக்கே போகப் போக அந்த வேலை குறைந்துகொண்டே வந்து, பழைய சுவர் இருந்தபடியே நிற்கிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டும், சட்டப்படி.

இந்தச் சுவர் எழுந்த கதை தெரிந்தால் நடக்கும்போது சுவை கூடும். 1550-இல் மங்கோலியத் தலைவன் அல்தான் கான் பக்கத்திலுள்ள கூபெய்கோவ் கணவாய் வழியாகப் புகுந்து பெய்ஜிங்கின் புறநகர் வரை வந்து கொள்ளையடித்துப் போனான். அரசவை ஆடிப்போனது. 1568-இல் தான் லுன் என்ற அதிகாரியின் கீழ், தெற்கே கடற்கொள்ளையரை அடக்கிப் புகழ் பெற்ற தளபதி சீ ஜீகுவாங்கை வடக்கே அனுப்பினார்கள். வடக்குப் படையில் ஒழுங்கு இல்லை என்று கண்ட அவர் ஜஜியாங்கிலிருந்து தன் பழைய வீரர்கள் 3,000 பேரை வரவழைத்தார். வந்த அன்று நகருக்கு வெளியே அணிவகுத்து நின்றார்கள். கொட்டுகிற மழையில் காலையிலிருந்து பிற்பகல் வரை ஒருவரும் அசையவில்லை. வடக்கு வீரர்கள் வாயடைத்துப்போனார்கள் என்று மிங் வரலாற்று ஏட்டில் இருக்கிறது. அவர் கொண்டுவந்த பெரிய மாற்றம் கோபுரம். அதற்கு முன் கோபுரம் என்றால் உள்ளே இடமில்லாத திட மேடை. வீரர்கள் வெயிலிலும் பனியிலும் வெளியே நிற்க வேண்டும். அவர் உள்ளே அறைகள் உள்ள, படுக்கவும் ஆயுதம் தானியம் வைக்கவும் இடமுள்ள, ஜன்னல் வழியே சுடக்கூடிய செங்கல் கோபுரங்களைக் கட்டினார். 1569 தொடங்கிச் சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேல். தெற்கிலிருந்து வந்த வீரர்கள் பலர் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். ஷான்ஹாய்குவான் பக்கத்துச் சுவரோரக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் அவர்கள் வழியினர் இருக்கிறார்கள்.

ஜின்ஷான்லிங்கில் ஒவ்வொரு கோபுரத்துக்கும் வடிவம் வேறு: ஒன்றுக்கு வளைவுக் கூரை, ஒன்றுக்கு எண்கோண உட்கூரை, ஒன்றில் மரத்தூண் நின்ற அடிக்கல் மட்டும். உள்ளே போய்த் தலை நிமிர்ந்து பாருங்கள். செங்குத்தான படிகள் உள்ள இடங்களில் சுவரின் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் தடுப்புச் சுவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எதிரி சுவர் மேலேயே ஏறிவிட்டால்கூட, வீரர்கள் ஒவ்வொரு தடுப்புக்குப் பின்னும் பதுங்கி அதிலுள்ள துளை வழியே சுட்டுக்கொண்டே கோபுரம் வரை பின்வாங்கலாம். இதைப் படத்தில் பார்த்தால் புரியாது. அந்தப் படியில் மூச்சு வாங்க நிற்கும்போது எதிரே துளை உங்கள் மார்பைப் பார்த்துக்கொண்டிருக்கும், அப்போது புரியும்.

எழுத்துள்ள செங்கல்களையும் தேடுங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு செய்தது என்று சுடுவதற்கு முன்பே முத்திரை குத்தியிருக்கிறார்கள். வான்லி ஆட்சியின் ஆறாம் ஆண்டு, அதாவது 1578, இன்ன குதிரைப்படை முகாம் செய்தது என்பதுபோல். தரம் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. ஒரு கோபுரத்தின் மேல்தளத்தில் பதினைந்து செங்கல்களைச் சேர்த்துச் செதுக்கிய கீலின் என்ற கற்பனை விலங்கின் சிற்பமும் இருக்கிறது.

எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். மகனுக்கு இதுவே பெரிய விளையாட்டாக இருக்கும். பழைய செங்கல்லின் முனை மழுங்கியிருக்கும், நிறம் ஒன்றுக்கொன்று மாறும், மேலே கருமையும் பாசியும் திட்டுத்திட்டாக. புதியது ஒரே சாம்பல் நிறம், கூரான முனை, ஒரே அளவு. செங்கல்லைவிடச் சாந்துதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். பழைய இணைப்பில் சுண்ணாம்பு வெண்மையாக, கெட்டியாக, சில இடங்களில் செங்கல் தேய்ந்து உள்ளே போயும் சாந்து மட்டும் வரப்பு மாதிரி வெளியே நிற்கும். மிங் காலத்தில் சுண்ணாம்பில் ஒட்டரிசிக் கஞ்சி கலந்தார்கள். அரிசியின் மாவுச்சத்துதான் சாந்தை நெருக்கமாக இறுக்கியது என்று சீன ஆய்வாளர்கள் 2010-இல் வேதியியல் சோதனையில் காட்டினார்கள். நடைதளத்தைப் பாருங்கள்: பழைய படியின் நடு தேய்ந்து குழிந்திருக்கும். மழைநீர் வெளியேறும் கல் வாய்கள் பெரும்பாலும் பழையவை. அவை உள்பக்கமே நீட்டிக்கொண்டிருக்கும், எதிரி பக்கம் தண்ணீர் விழுந்தால் அங்கே செடி கொடி வளர்ந்து ஏற வசதியாகிவிடும் என்று காரணம் சொல்வார்கள்.

நடக்கும் திசை முக்கியம். பிரதான வாயிலில் ஏறி, செப்பனிட்ட பகுதியிலிருந்து கிழக்கு நோக்கிப் போங்கள். முதல் மணி நேரத்தில் கண்ணும் காலும் முழுச் சுவருக்குப் பழகிவிடும்: பற்கள் எவ்வளவு உயரம், தளம் எவ்வளவு அகலம் என்று. பிறகு பற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்போது எது இல்லை என்று உங்களுக்கே தெரியும். முதலிலேயே இடிந்த பகுதிக்குப் போகிறவர்களுக்கு அது வெறும் அழகான கற்குவியல்தான். கிழக்குக் கோடியில் ஐந்து ஜன்னல் கோபுரத்தோடு திறந்த பகுதி முடிகிறது. முன்பெல்லாம் அங்கிருந்து அப்படியே சிமதாய் வரை நடப்பார்கள். 2010-இல் சிமதாய் மூடியபோது அந்த வழியும் போனது. எதிர் மலையில் சிமதாய் கோபுரங்கள் தெரியும். பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

சிமதாய் 2014-இல் திரும்பத் திறந்தது, அடிவாரத்தில் புதிதாக எழுப்பிய ஒரு 'பழைய' நீர்நகரத்தோடு. சுவர் பெரும்பாலும் மிங் காலத்ததாகவே இருக்கிறது, மிகச் செங்குத்து. சில கோபுரங்கள் வரைதான் விடுவார்கள். இரவில் விளக்கொளியில் ஏறலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. அந்த நீர்நகரம் எனக்கு ஒட்டவில்லை. உங்கள் அம்மா அப்பாவுக்குப் பிடிக்கலாம், படகு, கடைகள், வெந்நீர் ஊற்று எல்லாம் உண்டு. பக்கத்திலுள்ள கூபெய்கோவ் செப்பனிடாத சுவர். 1933-இல் ஜப்பானியப் படையோடு சண்டை நடந்த இடம், சுவரில் அந்தக் காயங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே எந்தப் பகுதி திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டே நாள் உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் என்றீர்கள். 1 முதல் 7 வரை தேசிய விடுமுறை. அந்த வாரத்தில் எந்தச் சுவருக்கும் போகாதீர்கள், செப்பனிட்டதோ செப்பனிடாததோ, தலைகள் மட்டும்தான் தெரியும். அதற்குப் பிந்தைய இரண்டு வாரம் அருமை. காற்று தெளிவு, மலையில் இலை சிவக்கும் காலம். மேலே காற்று பலமாக இருக்கும், வெயிலடித்தாலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். டிக்கெட்டுகளைப் பாஸ்போர்ட் எண்ணோடு முன்பே பதிவு செய்யுங்கள், அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். காசு கொடுக்க அலிபே அல்லது வீசாட்டை ஊரிலேயே போனில் அமைத்துக்கொண்டு போங்கள். சைவம் என்றால் சுவர்ப் பக்கத்துக் கடைகளில் பாடுதான். புளியோதரையைக் கட்டிக்கொண்டு போய்க் கோபுர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம், குப்பையைக் கீழே கொண்டுவந்துவிட்டால் சரி. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற காலணி வேண்டும். ஜின்ஷான்லிங்கின் கிழக்குப் பகுதியில் ஆடும் செங்கல் மேல் கால் வைக்காதீர்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் நடுப்பகுதியோடு திரும்பிவிடுங்கள், வருத்தப்பட வேண்டாம்.

ஜின்ஷான்லிங்குக்கு வண்டி பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பிரதான வாயிலில் இறக்கிவிட்டு கிழக்கு வாயிலில் வந்து காத்திருக்க வேண்டும். நடைக்கு நான்கு மணி நேரம் கேளுங்கள். மூன்றில் முடியும், ஆனால் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் எழுத்துச் செங்கல் தேட முடியாது.